சக்கரத்துக்கு முன்னும் பின்னும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் நீர்மின் நிலையம் பற்றிய பதில் ஒன்றில், டர்பைனைச் சுழற்றிவிட்டு வெளியேறும் நீரின் வாய்க்காலை 'டெயில் ரேஸ்' என்று எழுதியிருந்தேன். வேலைக் காலம் முழுவதும் என் வாயில் புழங்கிய சொல் என்பதால் விளக்கம் கொடுக்கத் தோன்றவில்லை. வாசகர்கள் விடவில்லை. வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த 'ரேஸ்' பற்றியவை. ஆகவே இந்த இதழில் எனக்குக் கொடுத்திருக்கும் பக்கங்களை அந்தச் சொல்லுக்கே ஒதுக்குகிறேன். மூட்டுவலிக்கு மாத்திரை கேட்டு எழுதிய இரண்டு அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் ஓய்வுபெற்ற பொறியாளன், மருத்துவன் அல்லன்.

கேள்வி: ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவி நான். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிறுகதை ஒன்றைத் தமிழாக்கம் செய்கிறேன். அதில் ஒரு சிறுவன் 'மில் ரேஸ்' என்ற இடத்தில் தவறி விழுகிறான், ஊரே அலறுகிறது. 'ஆலைப் பந்தயம்' என்று போடச் சொல்கிறாள் தோழி. அகராதி 'ஆலை நீரோட்டம்' என்கிறது. நீச்சல் தெரிந்த பையன் என்று கதையிலேயே வருகிறது. நீரோட்டத்தில் விழுந்ததற்கு ஏன் இவ்வளவு அலறல்?

பதில்: தோழியின் யோசனையை ஏற்காதீர்கள். அதற்காக அவரைக் கேலி செய்யவும் வேண்டாம்; பாதி வழி சரியாகத்தான் வந்திருக்கிறார். 'ஓட்டம்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் நீரோட்டம் என்றும் சொல்கிறோம், ஓட்டப்பந்தயம் என்றும் சொல்கிறோம். ஆங்கிலத்தில் 'ரேஸ்' அதே இரட்டை வேலையைப் பார்க்கிறது. ஸ்காண்டிநேவியக் கடலோடிகள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் 'ராஸ்' என்றால் ஓட்டம், பாய்ச்சல். நீரின் பாய்ச்சலும் அதில் அடக்கம். அவர்கள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறியபோது சொல்லும் கூடவே குடியேறியது. பந்தயம் என்ற பொருள் பிற்பாடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டது. நீரின் பாய்ச்சல் என்ற மூத்த பொருள் ஆலைக்காரர்களிடமும் மாலுமிகளிடமும் தங்கிவிட்டது. பிரான்சின் கரைக்கும் ஆல்டர்னி தீவுக்கும் நடுவே கடல்நீர் வெள்ளம் வந்த ஆறுபோல் பாயும் இடத்தைக் கடல் வரைபடங்கள் இன்றும் 'ஆல்டர்னி ரேஸ்' என்றே குறிக்கின்றன. அங்கே யாரும் பந்தயம் விடுவதில்லை.

'மில் ரேஸ்' என்ற கூட்டுச்சொல் பதினைந்தாம் நூற்றாண்டு முதல் எழுத்தில் கிடைக்கிறது. அதற்கு இரண்டு பொருள். ஆலைச் சக்கரத்தைச் சுழற்றப் பாயும் நீர் ஒன்று. அந்த நீர் பாயும் வாய்க்கால் மற்றொன்று. உங்கள் அகராதி முதல் பொருளைக் கொடுத்துவிட்டு இரண்டாவதை விட்டுவிட்டது. கதையில் பையன் விழுந்தது இரண்டிலும்தான்.

அலறல் புரிய வேண்டுமென்றால் ஆலையின் அமைப்பு தெரிய வேண்டும். ஆற்றிலேயே சக்கரத்தை இறக்கிவிட்டால் என்ன என்று தோன்றும். அப்படியும் செய்தார்கள். ஆனால் வெள்ளம் வந்தால் சக்கரம் போய்விடும், வறட்சி வந்தால் நின்றுவிடும். ஆகவே ஆலைக்கு நல்ல தொலைவு மேலேயே ஆற்றின் குறுக்கே ஒரு தாழ்ந்த தடுப்பணை கட்டி, பக்கவாட்டில் வாய்க்கால் பிரித்தார்கள். அந்த வாய்க்காலுக்குக் கொடுக்கும் சரிவு மிக மிகக் குறைவு; தண்ணீர் நகர்ந்தால் போதும். ஆறோ தன் பழைய படுகையில் வழக்கம்போல் இறங்கிக்கொண்டே போகும். சில நூறு மீட்டர் கடந்தபின் பார்த்தால் வாய்க்கால் மேலே இருக்கும், ஆறு இரண்டு மூன்று மீட்டர் கீழே இருக்கும். வாய்க்கால் ஒரு சாதனையும் செய்துவிடவில்லை. ஆறு இறங்கியது, இது இறங்கவில்லை, அவ்வளவுதான். அந்த இரண்டு மூன்று மீட்டரைத்தான் ஆலைக்காரர் விற்றுச் சாப்பிட்டார்.

வாய்க்கால் ஆலையை நெருங்கும் இடத்தில் பல ஆலைகளில் ஒரு தேக்கம் இருக்கும். இரவில் ஆலை ஓடாதபோது நிரம்பி, பகல் வேலைக்குக் கைகொடுக்கும் குளம். அதன் கடைசியில் மதகு. மதகைத் தாண்டியதும் பாதை ஒடுங்கி, கல்லாலோ பலகையாலோ செங்குத்தாகக் கட்டிய தொட்டிப்பாதையாகிச் சக்கரத்தில் போய் முடியும். சக்கரத்துக்கு மேற்புறம் வருவது 'ஹெட் ரேஸ்', சக்கரத்தைவிட்டு ஆற்றுக்குத் திரும்புவது 'டெயில் ரேஸ்'. தலையும் வாலும். ஒரே தண்ணீர்தான், சக்கரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பெயர், அந்தப் பக்கம் வேறு பெயர். உயரத்தைக் கையில் வைத்திருக்கும் நீர் முதலாவது, செலவழித்துவிட்ட நீர் இரண்டாவது.

கணக்குப் பிரியர்களுக்காக: விநாடிக்கு 100 லிட்டர் நீர் 3 மீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 3 கிலோவாட், அதாவது 4 குதிரைத்திறன் வரும். அதில் ஒரு பங்கைச் சக்கரம் வீணாக்கும். எவ்வளவு வீணாக்கும் என்பது சக்கரத்தைப் பொறுத்தது. நீர் அடியில் மோதித் தள்ளும் சக்கரத்தைவிட, மேலிருந்து பெட்டிகளில் விழுந்து தன் எடையால் இறக்கும் சக்கரம் சுமார் இரண்டு மடங்கு வேலை வாங்கித் தரும் என்று ஜான் ஸ்மீட்டன் என்ற ஆங்கிலப் பொறியாளர் மாதிரிகள் செய்து அளந்து, 1759-இல் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அந்த ஆண்டின் கோப்ளி பதக்கம் அவருக்குத்தான். அதுவரை அறிஞர்கள் தாளில் போட்டுக்கொண்டிருந்த கணக்குகளை ஒரு தொட்டி, ஒரு கைப்பம்பு, ஒரு சிறு சக்கரம் கொண்டு தீர்த்துவைத்த அந்த மனிதர்மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு. அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் பையனை மறந்துவிடுவேன்.

பையனுக்கு வருவோம். ஆற்றில் விழுந்தவன் கரைக்கு ஒதுங்கலாம். மில் ரேஸில் ஒதுங்கக் கரை கிடையாது. இரண்டு பக்கமும் பாசி பிடித்த சுவர். அகலம் குறைவு, கை வீசி நீந்த இடமில்லை. கடைசிப் பகுதியில் வேகம் கூடிக்கொண்டே போகும், அது முடியும் இடத்தில் பல டன் எடையுள்ள சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும். மேலே இருப்பவர்கள் ஓடிப்போய் மதகை இறக்கினால் உண்டு. ஊர் அலறியது பயத்தால் மட்டும் அன்று, ஆலைக்குள் இரைச்சலில் நிற்பவர் காதில் விழ வேண்டும் என்பதாலும்தான்.

உங்கள் மூலத்தில் அவன் மேற்புறம் விழுந்தானா, கீழ்ப்புறம் விழுந்தானா என்று மறுபடி படித்துப் பாருங்கள். மேற்புறம் என்றால் 'சக்கரத்துக்குப் பாயும் வாய்க்கால்' என்று விரித்து எழுதுங்கள். முதல் முறை விரித்து எழுதிவிட்டால் பிறகு 'ஆலை வாய்க்கால்' போதும். 'ஆலை நீரோட்டம்' என்று அகராதியைப் பார்த்து எழுதினால் தமிழ் வாசகருக்குச் சக்கரமே கண்ணில் படாது.

கேள்வி: 'ஹியூமன் ரேஸ்' என்பதில் வரும் ரேஸும் இதுவும் ஒன்றுதானே? மனித ஓட்டம், வாழ்க்கை ஓட்டம் என்று எங்கள் மன்றத்தில் ஒருவர் அழகாகப் பேசினார்.

பதில்: அழகாகப் பேசியிருப்பார். ஆனால் இரண்டும் வேறு. இனம் என்னும் பொருளில் வரும் ரேஸ், பிரெஞ்சு வழியாக இத்தாலிய 'ராட்சா'விலிருந்து வந்தது. எழுத்து ஒன்றாகிவிட்டதே தவிர உறவு கிடையாது.

கேள்வி: இங்கிலாந்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். இதே ஆலை வாய்க்காலை டெவனில் 'லீட்' என்றார்கள், ஷெஃபீல்டில் 'கோய்ட்' என்றார்கள், ஸ்காட்லாந்துக்குப் போனால் 'லேட்' என்றார்கள். ஒரு சிறிய நாட்டில் ஒரு வாய்க்காலுக்கு இத்தனை பெயர் எதற்கு?

பதில்: ஆலை என்பது உள்ளூர் விஷயம் என்பதால்தான். 1086-இல் முதலாம் வில்லியம் எடுத்த கணக்கெடுப்பில் இங்கிலாந்தில் ஏறத்தாழ 6,000 ஆலைகள் பதிவாகியிருக்கின்றன. காற்றாலை அந்த நாட்டுக்கு வர இன்னும் நூறாண்டு இருந்தது. ஆகவே அநேகமாக எல்லாமே தண்ணீரில் ஓடியவை. அத்தனை ஆலைக்கும் அத்தனை வாய்க்கால். வெட்டியவர் தம் ஊர்ப் பேச்சில் பெயர் வைத்தார். லண்டனைக் கேட்டு வைக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

நீங்கள் கேட்ட மூன்றும் அருமையான சொற்கள். 'லீட்' என்பது பழைய ஆங்கிலத்தில் நீரை 'விடுவது' என்ற வினையிலிருந்து வந்தது. நாம் 'வயலுக்குத் தண்ணீர் விட்டான்' என்கிறோமே, அதே விடுதல். 'கோய்ட்' என்பதன் வேர் ஊற்றுதல். ஒருவர் நீரை விட்டார், ஒருவர் ஊற்றினார், மில் ரேஸ்காரர் ஓடவிட்டார்.

லீட்களில் புகழ்பெற்றது பிளிமத் நகரத்துக்கு வந்தது. கப்பலில் உலகைச் சுற்றிவந்த சர் பிரான்சிஸ் டிரேக்கின் பெயரால் அதை 'டிரேக்கின் லீட்' என்கிறார்கள். நாடாளுமன்றம் 1585-இல் சட்டம் இயற்றியது. 1590 டிசம்பரில் தோண்டத் தொடங்கி 1591 ஏப்ரலில் தண்ணீர் நகருக்கு வந்துவிட்டது. டார்ட்மூர் மேட்டுநிலத்தில் மீவி ஆற்றிலிருந்து பிரிந்து, குன்றுகளின் மட்டத்தை ஒட்டி வளைந்து வளைந்து, சுமார் 28 கிலோமீட்டர். பறவை பறக்கும் தூரம் அதில் பாதியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். உயரத்தை இழக்கக் கூடாது என்றால் வளையத்தான் வேண்டும். இன்றைய மட்டக்கருவிகள் ஒன்றும் இல்லாத காலத்தில் ஐந்து மாதங்களுக்குள் இதை முடித்திருக்கிறார்கள் என்பதைப் படிக்கும்போதெல்லாம், வாய்க்கால் சீரமைப்புக்கு நான் எழுதிய கோப்புகள் அலமாரியில் தூங்கிய நாட்கள் நினைவுக்கு வரும்.

நகருக்கும் துறைமுகக் கப்பல்களுக்கும் குடிநீர் என்பதே திட்டத்தின் முகப்பு. ஆனால் அந்த வழியில் ஆறு மாவு ஆலைகளைக் கட்டிக்கொண்டு வருமானம் பார்த்தவர் டிரேக். குடிநீருக்கு உயரம் அவ்வளவு முக்கியமில்லை, ஆலைக்கு உயரம்தான் எல்லாம். தண்ணீர் ஊருக்கு, இறக்கம் டிரேக்குக்கு. ஊர் கோபித்துக்கொள்ளவில்லை போலும். நகரத்தார் ஆண்டுதோறும் நீர்நிலையைப் பார்வையிடும் சடங்கில் முதலில் வெறும் தண்ணீரை அருந்தி டிரேக்கை நினைப்பார்கள். அடுத்து மதுவை ஏந்தி, 'நமக்குத் தண்ணீர் கொண்டுவந்தவரின் சந்ததிக்கு மதுவுக்குக் குறைவில்லாதிருக்கட்டும்' என்று வாழ்த்துவார்கள்.

கோய்ட் என்றால் ஷெஃபீல்டு. டான் ஆற்றிலிருந்து பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஊர் ஆலைக்காக வெட்டிய கோய்ட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவே சிக்கிய நிலம்தான் கெல்ஹாம் தீவு. மனிதர் வெட்டிய வாய்க்காலால் உண்டான தீவு. இப்போது அங்கே தொழில் அருங்காட்சியகம் இருக்கிறது. ஷெஃபீல்டில் கோய்ட்கள் மாவு அரைத்ததைவிடக் கத்தி தீட்டியதே அதிகம். போர்ட்டர் ஓடையில் ஷெப்பர்டு வீல் என்ற சாணைக்கூடம் இன்றும் சக்கரம் சுழலும் நிலையில் காப்பாற்றப்பட்டிருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் தலை, வாலையும் விடவில்லை: 'ஹெட் கோய்ட்', 'டெயில் கோய்ட்'.

லேட் என்றதும் எனக்கு நினைவு வருவது ஸ்காட்லாந்தின் பெர்த் நகரம். ஆல்மண்ட் ஆற்றில் அணை கட்டித் திருப்பிய நீர், நகர ஆலைகளைச் சுழற்றியதோடு மதிலைச் சுற்றி அகழியாகவும் நின்றது. ஒரே வாய்க்காலுக்குச் சோறு போடும் வேலையும் காவல் காக்கும் வேலையும். நீங்கள் அங்கே போயிருந்தால் கடைத்தெருவுக்குப் பின்னால் அடக்கமாக ஓடும் நீரைப் பார்த்திருப்பீர்கள்.

கேள்வி: வழக்கறிஞர் தொழில் என்னுடையது. ஆலைக்காரர்கள் நீருக்காக ஓயாமல் வழக்காடினார்கள் என்று படித்திருக்கிறேன். மேலே இருப்பவர் நீரைத் தடுத்தால் கீழே இருப்பவர் வழக்குப் போடுவார், அது புரிகிறது. கீழே இருப்பவர்மீது மேலே இருப்பவர் வழக்குப் போட என்ன இருக்கிறது?

பதில்: நல்ல கேள்வி. வழக்கறிஞர்கள் பெரும்பாலும் ஹெட் ரேஸையே பார்க்கிறீர்கள். சண்டையின் பாதி டெயில் ரேஸில் இருக்கிறது.

உங்கள் ஆலைக்குக் கீழே அரை கிலோமீட்டரில் இன்னொருவர் ஆலை வைத்திருக்கிறார். தம் உயரத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ள, தடுப்பணையின் மேல் ஒரு வரிசைப் பலகை வைக்கிறார். ஒரு சாண். யார் கவனிக்கப் போகிறார்கள்? தேங்கிய நீர் மெல்லப் பின்னோக்கி ஏறி உங்கள் டெயில் ரேஸுக்குள் வந்து நிற்கிறது. உங்கள் சக்கரத்தின் அடிப்பகுதி அந்தத் தண்ணீரில் மூழ்குகிறது. மேலே விழும் நீர் சக்கரத்தை முன்னே தள்ள, கீழே நிற்கும் நீர் அதைப் பிடித்து இழுக்கிறது. அவர் ஏற்றிக்கொண்ட ஒரு சாண் உங்கள் கணக்கிலிருந்து போன ஒரு சாண். இழுவையால் போவது அதற்கு மேல். உங்களுக்கு வரும் நீர் ஒரு சொட்டுகூடக் குறையவில்லை, ஆனாலும் நீங்கள் கொள்ளையடிக்கப்பட்டிருக்கிறீர்கள். நீதிபதிக்கு இதைப் புரியவைப்பதற்குள் அந்தக் கால வழக்கறிஞர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள்!

அதனால்தான் அளவு முளைகள் வந்தன. ஜெர்மானிய நாடுகளில் ஆலைத் தேக்கம் எந்த மட்டம்வரை ஏறலாம் என்பதற்குச் சாட்சிகள் முன்னிலையில் ஒரு முளை அடித்துவைக்கும் வழக்கம் இருந்தது. முளையைத் தொட்டால் தண்டனை. மறுபக்கம், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் குடியேற்றம் 1714-இல் இயற்றிய ஆலைச் சட்டம் தலைகீழாக யோசித்தது. ஆலை ஊருக்குத் தேவை. அதன் தேக்கம் மேலே இருப்பவரின் நிலத்தை மூழ்கடித்தால் அவர் அணையை இடிக்கச் சொல்ல முடியாது, இழப்பீடு வாங்கிக்கொள்ளலாம். வளர்ச்சி என்ற பெயரில் ஒருவர் நிலத்தில் தண்ணீரை ஏற்றிவிட்டுப் பணம் கொடுக்கும் ஏற்பாடு நேற்று முளைத்ததல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

கேள்வி: ஆங்கிலத்தில் கடல் அசையாமல் கிடந்தால் 'மில் பாண்ட் போல' என்கிறார்கள், வெறிபிடித்து ஓடினால் 'மில் ரேஸ் போல' என்கிறார்கள். இரண்டுமே ஆலைத் தண்ணீர்தானே? இது போல் வேறு வழக்குகள் உண்டா?

பதில்: நீங்கள் கவனித்தது அருமை. நடுவில் இருப்பது மதகு ஒன்றுதான். மதகுக்கு மேலே குளம், அமைதி, கீழே பாய்ச்சல்.

ஆலைத் தண்ணீரை வைத்துப் பேசாத ஐரோப்பிய மொழி அரிது. தனக்கு ஆதாயமாகப் பேச்சைத் திருப்புபவரை இத்தாலியர் 'தன் ஆலைக்குத் தண்ணீர் இழுக்கிறான்' என்பார்கள். ஒருவர் வாதத்துக்கு வலுச் சேர்த்தால், அவர் ஆலைக்குத் தண்ணீர் கொண்டுவந்தாய் என்பது பிரெஞ்சு வழக்கு. ஜெர்மன் மொழியிலும் இதுவே. ஸ்பானியர் 'கடந்துபோன நீர் ஆலையைச் சுழற்றாது' என்று சொல்லி, பழங்கதை பேசுபவரை நிறுத்துவார்கள். 1546-இல் ஜான் ஹேவுட் தொகுத்த ஆங்கிலப் பழமொழிகளில், ஆலைக்காரனுக்குத் தெரியாமல் ஆலையைக் கடந்துபோகும் நீர் நிறைய என்று ஒன்று இருக்கிறது. ஷேக்ஸ்பியரும் அதை ஒரு நாடகத்தில் எடுத்தாண்டார். அங்கே அது கள்ள உறவைப் பற்றிய குறும்பு. எனக்குப் பிடித்தது ஹேவுட்டுடையது. உபரிநீர் வழியில் எவ்வளவு போகிறது என்று பார்க்காமல் டர்பைன் கணக்கை மட்டும் எழுதி அனுப்பிய அதிகாரி ஒருவரிடம் அதைச் சொன்னேன். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

கேள்வி: பழைய அமெரிக்கப் புத்தகம் ஒன்றில், ஒரு கம்பெனி 'இத்தனை மில் பவர்' வாங்கியது என்று வருகிறது. குதிரைத்திறன் போல அது ஓர் அளவா?

பதில்: ஆம், தண்ணீரை விற்பதற்காகவே உண்டாக்கிய அளவு. மாசசூசெட்ஸில் மெரிமாக் ஆறு பாடக்கெட் அருவியில் சுமார் 30 அடி இறங்குகிறது. அந்த இறக்கத்தைச் சுற்றி வாய்க்கால்கள் வெட்டி, 1820-களில் லோவெல் என்ற ஜவுளி நகரத்தையே எழுப்பினார்கள். வாய்க்கால்களை வைத்திருந்த கம்பெனி, ஆலைகளுக்குத் தண்ணீரை விற்க வேண்டும். லிட்டர் கணக்கில் விற்க முடியாது, ஏனென்றால் ஆலை தண்ணீரை வைத்துக்கொள்வதில்லை. உள்ளே வந்தது முழுதும் வெளியே போய்விடுகிறது. அப்படியானால் எதை விற்பது?

வால்தம் என்ற ஊரில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஆலையின் நூல் நூற்கும் 3,584 கதிர்களை, அவற்றோடு சேர்ந்த மற்ற இயந்திரங்களோடு ஓட்ட எவ்வளவு நீர்ச்சக்தி வேண்டுமோ அது ஒரு 'மில் பவர்' என்று வைத்தார்கள். லோவெலின் இறக்கத்தில் அது விநாடிக்கு 25 கன அடி நீர், 30 அடி வீழ்ச்சி. நம் அளவில் விநாடிக்கு 700 லிட்டருக்குச் சற்று மேல், 9 மீட்டர். மொத்தமாக 85 குதிரைத்திறன் கணக்கு வரும். சக்கரம் சுழற்றும் தண்டுக்கு வந்து சேர்ந்தது அதைவிடக் குறைவு. ஆகவே அந்தக் கம்பெனி 'இத்தனை மில் பவர்' வாங்கியது என்றால், நீரை வாங்கவில்லை, நீர் இறங்கும் உரிமையை வாங்கியிருக்கிறது.

லோவெலில் இன்னும் ஒரு கெட்டிக்காரத்தனம். 30 அடியை 13 அடி, 17 அடி என்று இரண்டு படிகளாகப் பிரித்தார்கள். மேல் வாய்க்காலிலிருந்து எடுத்த ஆலை 13 அடியைச் செலவழித்துவிட்டு வெளியேற்றும் நீர் கீழ் வாய்க்காலில் விழும். மேல் ஆலைக்கு வால், கீழ் ஆலைக்குத் தலை. அங்கே ஒருவர் டெயில் ரேஸ் என்று கைகாட்டுவதை மற்றவர் ஹெட் ரேஸ் என்று கணக்கெழுதுவார்.

அந்த வாய்க்கால்களுக்குத் தலைமைப் பொறியாளராக இருந்தவர் ஜேம்ஸ் பிரான்சிஸ். இங்கிலாந்தில் பிறந்து, பதினெட்டு வயதில் அமெரிக்கா போனவர். உலகம் முழுக்க நீர்மின் நிலையங்களில் இன்று அதிகமாகச் சுழலும் 'பிரான்சிஸ் டர்பைன்' அவர் 1840-களின் இறுதியில் லோவெலில் உருவாக்கிய வடிவத்திலிருந்து வந்தது. யாருக்கு எவ்வளவு நீர் போகிறது என்று துல்லியமாக அளக்க வேண்டிய விற்பனைத் தொல்லையே அவரைப் பெரிய ஆய்வாளராக்கியது என்று நான் நினைக்கிறேன்.

இன்னொரு கதையும் அவரைப் பற்றி உண்டு. நகருக்குள் வரும் முதன்மை வாய்க்காலின் தலைப்பில், வெள்ளம் வந்தால் இறக்கி மூடுவதற்கென்று மாபெரும் மரக்கதவு ஒன்றை 1850-இல் தொங்கவிட்டார். இவ்வளவு பெரிய கதவு எதற்கு என்று நகரமே சிரித்து, 'பிரான்சிசின் பைத்தியக்காரத்தனம்' என்று பெயர் வைத்தது. 1852-இல் வெள்ளம் வந்தது, கதவைத் தாங்கிய இரும்பை வெட்டி இறக்கினார்கள், நகரம் தப்பியது. 1936-இல் மறுபடியும் அதே கதவு இறங்கியது. பிரான்சிஸ் அதற்குள் இறந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. பராமரிப்புச் செலவு வீண் என்று எழுதும் தணிக்கையாளர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பயன் இல்லை.

கேள்வி: நீர்மின் நிலையத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்திருக்கிறேன். தினமும் டெயில் ரேஸ் மட்டத்தைக் குறிக்கச் சொல்கிறார்கள். டர்பைனைவிட்டு வெளியே போன தண்ணீரை எதற்கு அளக்க வேண்டும்? நீங்கள் விளக்கம் சொல்லும் பழைய ஆலைக்காலச் சொல் என்பதைத் தவிர, இதற்கு இன்று என்ன வேலை?

பதில்: வேலை இருப்பதால்தான் சொல் இருக்கிறது. மாவு ஆலை போய்விட்டது, கல் போய்விட்டது, சக்கரம் உருக்கில் வார்த்த டர்பைனாகிவிட்டது. தலையும் வாலும் அப்படியே இருக்கின்றன. நியூசிலாந்தில் தங்கம் தேடியவர்கள் மலைச்சரிவில் வெட்டிய வாய்க்கால்களுக்கும் 'வாட்டர் ரேஸ்' என்றுதான் பெயர்.

உங்கள் நிலையத்தில் எந்த வகை டர்பைன் என்று எழுதவில்லை. பிரான்சிஸ் வகை என்றால், நீர் வெளியேறும் டிராஃப்ட் டியூபின் வாய் டெயில் ரேஸில் மூழ்கியிருக்க வேண்டும். அப்போதுதான் டர்பைனுக்குக் கீழே உள்ள உயரமும் உறிஞ்சுதலாகக் கணக்கில் சேரும். மட்டம் மிகத் தாழ்ந்து வாய் வெளியே தெரிந்தால் காற்று புகுந்து அந்த ஆதாயம் போய்விடும். பெல்டன் வகை என்றால் நேர்மாறு. அங்கே சக்கரம் காற்றில் சுழல வேண்டும். டெயில் ரேஸ் நீர் ஏறி அதைத் தொட்டால், நான் வழக்கறிஞருக்குச் சொன்ன அதே இழுவை வந்துவிடும். இரண்டு வகையிலும், மேல் மட்டத்திலிருந்து இந்த மட்டத்தைக் கழித்தால்தான் உங்கள் நிலையத்துக்கு அன்று எவ்வளவு உயரம் கிடைத்தது என்று தெரியும். மின்சாரம் குறைந்தால் எல்லாரும் இயந்திரத்தைக் குறை சொல்வார்கள். கீழே ஆற்றில் மணல் குவிந்து நீர் பின்னேறியிருப்பதை உங்கள் பதிவேடு காட்டிக்கொடுக்கும்.

அளவுகோலைப் படிக்கும்போது அலையின் உச்சியைப் படிக்காதீர்கள். சற்று நின்று, மேலும் கீழும் ஆடுவதன் நடுவை எடுங்கள். வெளிவாயை ஒட்டி நீர் கொப்பளிக்கும் இடத்தில் கோல் பொருத்தியிருந்தால் அதை நம்பவே வேண்டாம், கொஞ்சம் தள்ளி அமைதியான இடத்துக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். இரவுப் பணியில் மேலிருந்தே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் பழைய எண்ணையே எழுதும் பழக்கம் எல்லா நிலையங்களிலும் உண்டு. மழை பெய்த இரவுகளின் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். ஆறு மணிநேரம் ஒரே எண் இருந்தால் யாரும் கீழே இறங்கவில்லை என்று பொருள்.